அறக்கொட்டியின் பின்னங்கால்: வீட்டு மேசையில் எடுத்த ஒரு நுணுக்குக்காட்டிப் படம்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பூச்சியின் ஒற்றைக் கால். மட்டக்களப்பு விவசாயிகள் அறக்கொட்டி என்றும், விவசாயத் திணைக்களத்தார் கபில நிறத் தத்தி என்றும் சொல்கிற நெற்பூச்சி அது. செட்டையின் நுனிவரை அளந்தாலும் ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர்தான். அதன் பின்னங்காலில், பாதத்தின் முதற்கணுவின் ஓரத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத சில முட்கள் இருக்கின்றன. ஒரு மாணவர் நுணுக்குக்காட்டியையும் ஒரு கைத்தொலைபேசியையும் கொண்டு அந்த முட்களை ஐயத்துக்கு இடமில்லாமல் படத்தில் காட்ட முடியுமா என்பதே கேள்வி.

முயன்றவன் என் அக்காவின் மகன். களுவாஞ்சிக்குடியில் இருந்து உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறான். பூச்சிகளைப் படம் எடுப்பது அவனுக்குப் புதிய பொழுதுபோக்கு. நான் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் படம் எடுத்துப் பிழைப்பவன். பூச்சியைப் பற்றி அவன் எனக்குச் சொல்லித் தந்தான். வெளிச்சத்தைப் பற்றி நான் அவனுக்குச் சொன்னேன். நுணுக்குக்காட்டி வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு பெருக்கும்?" என்பதுதான். இந்த வேலையில் பெருக்கம் ஒரு கட்டத்திலும் போதாமற் போகவில்லை. வழிமறித்ததெல்லாம் வெளிச்சமும் அசைவும். அதை விரிவாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஏன் இந்தக் கால்?

அத்தானுக்குப் படுவான்கரையில் வயல். பெரும்போகத்துக்கு மழையோடு வீசி விதைப்பார்கள். மார்கழி, தையில் பயிர் நெருங்கி, அடித்தண்டில் காற்றுப் புகாமல் ஈரம் தேங்கி நிற்கும். அறக்கொட்டிக்கு வேண்டியது அந்த இடம்தான். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டோடு ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் இன்னும் வேகமாகப் பெருகும். எண்ணிக்கை மிஞ்சினால் வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் மஞ்சளித்து, பிறகு தீய்ந்துபோகும். அவசரப்பட்டுக் கண்ட மருந்தையும் அடித்தால், அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகளும் சிறு பச்சை மூட்டுப்பூச்சிகளும் முதலில் செத்துப்போகும். அறக்கொட்டி முன்னிலும் அதிகமாகக் கிளம்பும். நெல் விளைகிற ஆசிய நாடுகள் பலவும் 1970களிலிருந்து பட்டறிந்த விடயம் இது. ஆகவே பூச்சி எது என்று தெரிந்துகொள்வது படிப்பாளியின் வீண் ஆர்வம் என்று ஒதுக்கக்கூடியதில்லை.

தை மாதத்து இரவொன்றில் விறாந்தை மின்குமிழின் கீழே கூட்டமாக விழுந்து கிடந்தவற்றைக் காட்டி அத்தான் கேட்டார்: "இதெல்லாம் அறக்கொட்டிதானா மனே, இல்லை, வரம்புப் புல்லில் கிடக்கிற வேறு ஏதாவதா?"

"காலைப் பார்த்தால் சொல்லலாம் அப்பா" என்றான் மருமகன். அது புத்தகப் பதில். ஆனால் சரியான பதில்.

விளக்குக்கு வருகிற தத்திகள் ஒரே குடும்பத்தவை இல்லை. பச்சைத் தத்தியின் பின்னங்காலை எடுத்தால், பாதத்துக்கு மேலுள்ள கணைப்பகுதி நெடுக முட்கள் வரிசையாக நிற்கும். அறக்கொட்டி சேர்ந்த டெல்ஃபாசிடே குடும்பத்தில் அந்த வரிசை கிடையாது. அதற்குப் பதிலாக, கணைப்பகுதியின் நுனியில் அசையக்கூடிய பெரிய குதிமுள் ஒன்று இருக்கும். அதைக் கண்டால் குடும்பம் முடிவாகிவிடும். குடும்பத்துக்குள்ளே நெல்லில் வாழ்பவை, புல்லில் வாழ்பவை என்று பல வகை. வெண்முதுகுத் தத்தியை முதுகில் ஓடும் வெளிறிய பட்டையை வைத்துப் பிரிக்கலாம். ஆனால் விளக்கடியில் மிதிபட்டு, ஈரத்தில் ஊறிய உடலில் பட்டையை நம்பி எதையும் சொல்ல முடியாது. அறக்கொட்டியின் அறிவியற்பெயர் நிலபர்வட்டா லூகென்ஸ். நெருங்கிய உறவுள்ள இனங்கள் சேர்ந்த பிரிவைச் சாதி என்பார்கள். அந்த நிலபர்வட்டா சாதிக்கு உரிய அடையாளம்தான் பாதத்தின் முதற்கணுவில் உள்ள பக்கமுட்கள். நிறம் மங்கும், செட்டை கிழியும். முள் அப்படியே இருக்கும்.

பின்னங்கால் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இதே தத்திக் கூட்டத்தைச் சேர்ந்த வேறொரு குடும்பத்துக் குஞ்சுகளில், இரண்டு பின்னங்கால்களும் ஒரே கணத்தில் உதைக்கும்படி கால்களின் அடியில் பற்சக்கரம் இருப்பதை 2013ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வளர்ந்த பூச்சியில் அந்தப் பற்கள் இருப்பதில்லை. மருமகன் இந்தப் பொழுதுபோக்கில் விழுந்ததே அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

கருவி

அவனிடம் இருந்தது இரண்டாம் கையாக வாங்கிய, ஒரு கண்ணால் பார்க்கும் கூட்டு நுணுக்குக்காட்டி. சாய்வான குழாயில் 10 மடங்குப் பார்வைத்துண்டு. சுழலும் தலையில் 4, 10, 40 மடங்குப் பொருளிகள் (பொருளுக்குக் கிட்ட நிற்கும் வில்லைகள்) மூன்று. பொருளை வைக்கும் மேடைக்குக் கீழே சிறிய எல்.இ.டி. விளக்கு. பாடசாலை ஆய்வுகூடங்களில் இருப்பது போன்றதுதான்.

பொருளியின் உடலில் செதுக்கியிருக்கும் எண்களை யாரும் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும். "4/0.10", "10/0.25", "40/0.65" என்று இருக்கும். முதல் எண் பெருக்கம். இரண்டாவது, பொருளி எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை உள்வாங்கும் என்பதன் அளவு. அதை எண் துவாரம் என்பார்கள். எவ்வளவு நுண்ணிய விவரத்தைப் பிரித்துக் காட்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டாம் எண்ணே. ஒளியின் அலைநீளத்தை 0.61ஆல் பெருக்கி இந்த எண்ணால் வகுத்தால் விடை கிடைக்கும். பச்சை ஒளிக்கு 4 மடங்குப் பொருளி ஏறத்தாழ 3.4 மைக்ரோமீற்றர் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீற்றர்) இடைவெளியைப் பிரிக்கும். 10 மடங்கு 1.3, 40 மடங்கு 0.5. நாம் தேடிய முள்ளின் நீளம் மைக்ரோமீற்றரில் சில பத்துகள். ஆகவே 10 மடங்குப் பொருளியே தாராளம்.

பெட்டிகளில் "2000 மடங்கு" என்று அச்சிடுவதன் சூட்சுமமும் இந்த எண்ணில்தான் வெளிப்படும். எண் துவாரத்தின் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கினால் புதிய விவரம் எதுவும் வராது, மங்கல்தான் பெரிதாகும். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்குப் பொருளியின் எண் 1.25 என்றால், அதன் எல்லை 1250. அதன்மேல் 20 மடங்குப் பார்வைத்துண்டைப் பொருத்தி 2000 என்று விற்பது வியாபாரம்.

பெருக்கம் கூடக்கூட இழப்பும் கூடும். அவனுடைய பார்வைத்துண்டில் பார்வைப்புலத்தின் அளவு 18 என்று இருக்கிறது. 4 மடங்கில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு 18ஐ 4ஆல் வகுத்தால் வரும் 4.5 மில்லிமீற்றர். அறக்கொட்டி முழுதாக அடங்கும், கொஞ்சம் இடமும் மிஞ்சும். 10 மடங்கில் 1.8 மில்லிமீற்றர், 40 மடங்கில் 0.45. அதோடு 40 மடங்குப் பொருளியின் முகம் பொருளிலிருந்து அரை மில்லிமீற்றர் சொச்சத்தில் நிற்கும். முழுப் பூச்சியை அதன் கீழே வைத்தால் கண்ணாடி பூச்சியின் முதுகில் இடிக்கும். மேலிருந்து வெளிச்சம் புகவும் வழியில்லை. தொடங்குகிறவர்களின் கை முதலில் 40க்குத்தான் போகிறது. மருமகனின் கையும் போனது. இருட்டுக்குள் ஒரு பழுப்புப் படலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

கீழிருந்து வரும் வெளிச்சம்

இந்த வகைக் கருவி வெங்காயத் தோலுக்கும் குளத்துத் தண்ணீருக்கும் செய்யப்பட்டது. விளக்கு கீழே இருக்கும். ஒளி பொருளை ஊடுருவி மேலே வரும். அறக்கொட்டியின் உடல் ஒளியை விடாது. ஆகவே முதற்படங்களில் கிடைத்தது கறுப்பு உருவமும், அதன் இரு பக்கமும் அழகாக ஒளிர்ந்த செட்டைகளும். செட்டை நரம்புகளைப் படம் எடுப்பது நோக்கமாக இருந்திருந்தால் அதோடு நின்றிருக்கலாம். அந்த வேலைக்குக் கீழ் ஒளிக்கு மிஞ்சியது இல்லை.

உடலைக் காட்ட வேண்டுமானால் மேலிருந்து ஒளி வேண்டும். கீழ் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தான். கறுப்பு உருவம் போய், எண்ணெய் பூசிய மாதிரி மினுங்கும் வெண்புள்ளிகள் வந்தன. பூச்சியின் ஓடு பளபளப்பானது. கல்யாணப் பெண்ணின் தங்கக் கொடியை வெறும் ஃபிளாஷில் எடுத்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும் ஆகிறது: வேலைப்பாடு மறைந்து, வெள்ளை வெட்டு மட்டும் மிஞ்சும். எங்கள் தொழிலில் இதற்குத் தீர்வு வெளிச்சத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ ஆகாது, பெரிதாக்குவதுதான். நகைக்கு அருகே வெள்ளைத் துணியைப் பிடித்து, விளக்கை அதன் பின்னால் வைப்போம். பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெண்மையாக இருந்தால் பளபளப்பு பரந்து, உருவத்தின் வளைவைக் காட்டத் தொடங்கும்.

பூச்சிக்கு அந்த வெள்ளைத் துணியாக அமைந்தது யோகட் கோப்பை. கடையில் விற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பையைக் கழுவி, அடியை வெட்டியெடுத்து, ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரமுள்ள வளையமாக்கினான். 4 மடங்குப் பொருளிக்கும் மேடைக்கும் இடையே அந்த வளையம் அடங்கும். நடுவே பூச்சி, வெளியே இரண்டு டோர்ச்சுகள், ஒன்று கிட்ட, மற்றது சற்று எட்ட. இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்தால் படம் தட்டையாகிவிடும். ஒரு பக்கம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்தான் முதுகின் மேடும் பள்ளமும் தெரியும்.

அடியில் போடும் தாளையும் அலட்சியம் செய்யக் கூடாது. வெள்ளைத் தாளில் கபில நிறப் பூச்சி மங்கிப்போனது; கறுப்புத் தாளில் கால்கள் காணாமற்போயின. பழைய கல்யாண அழைப்பிதழ் ஒன்றின் சாம்பல் நிறப் பின்பக்கம் சரியாக இருந்தது.

மின்சாரத்தில் எரியும் விளக்கை ஏன் தவிர்த்தோம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்.இ.டி. குமிழ் அதில் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது; தொலைபேசிக் கமரா படத்தை வரிவரியாகப் பதிவதால், படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். நொடியில் 1/50 அல்லது 1/100 பங்கு என்று வேகத்தை நிறுத்தி வைத்தால் பட்டைகள் அடங்கும். பற்றரி டோர்ச்சில் அந்தத் தொல்லை இல்லை. அதன் வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும் நிலையில் மட்டும் சில டோர்ச்சுகள் துடிக்கும். முழு வெளிச்சத்தில் வைப்பது நல்லது.

அசைவு

முதலில் தொலைபேசி. பார்வைத்துண்டுக்கு மேலே சுமார் ஒரு சென்ரிமீற்றரில் ஒளி ஒரு சிறு புள்ளியாகக் குவியும். கமராவின் வில்லை அந்தப் புள்ளியில் நிற்க வேண்டும். விலகினால் படத்தின் ஓரம் கறுத்துவிடும். கையால் பிடித்தால் ஒன்று எடுக்கலாம். ஒரே மாதிரி இருபது எடுக்க முடியாது. ஒரு அங்குல பிவிசி குழாயில் சிறு துண்டு வெட்டி, உள்ளே துணிப்பட்டி ஒட்டி, பார்வைத்துண்டின்மேல் இறுக்கமாக உட்காரச் செய்தான். அதன் மேல்விளிம்பைத் தொலைபேசியின் பழைய உறையில் ஒட்டினான். குழாய் சாய்வாக இருப்பதால் தொலைபேசியின் பாரம் கீழே இழுக்கும். அதற்கு ஒரு இறப்பர் பட்டி.

திரையைத் தொட்டுப் படம் எடுத்தால் தொடும் அதிர்ச்சியே படத்தைக் கெடுக்கும். மூன்று நொடி தாமதத்தில் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். காதுக்கருவியின் ஒலிப் பொத்தானை அழுத்தியும் எடுக்கலாம்.

அடுத்து வீடு. அக்காவின் வீடு பிரதான வீதிக்குக் கிட்ட. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓடும் லொறியும் பஸ்ஸும் கடக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாது; 10 மடங்குப் பொருளியின் கீழே கால் நடுங்கும். பலகை மேசையில் இருந்து கருவியை இறக்கி, சுவரோடு கட்டிய சீமெந்துத் தட்டில், தடித்த இறப்பர் விரிப்பின்மேல் வைத்தபோது பாதி நடுக்கம் குறைந்தது. மீதிக்கு வீதி அடங்கும் வரை காத்திருப்பதே வழி. மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். அதன் காற்றில் செட்டை அசையும், காலில் ஒட்டியிருக்கும் தூசும் அசையும். களுவாஞ்சிக்குடியில் விசிறி இல்லாமல் உட்கார்ந்து குவியம் பார்க்கும் குமிழைத் திருகுவதற்கு இளம் உடம்பு வேண்டும்.

பூச்சியின் அசைவைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். உயிரோடு இருக்கும் பூச்சியை இந்த முறையில் எடுக்க முடியாது. விளக்கடியில் தானாகச் செத்துக் கிடப்பவற்றை எடுப்பதே அவன் வழக்கம். இந்த முறை புதிய உடல் தேவைப்பட்டதால் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தான். அறக்கொட்டி மென்மையான உடல் கொண்டது. சில மணி நேரத்தில் வயிறு சுருங்கும், கண் குழியும். அதற்குள் எடுத்துவிட வேண்டும். இந்தச் சங்கடம் பழையது. 1665இல் தன் நுணுக்குக்காட்டிப் படங்களை வெளியிட்ட ராபர்ட் ஹூக், எறும்பை வரைய முயன்றபோது, கொன்றால் உடல் சுருங்குகிறது, மெழுகில் காலைப் பதித்தால் முறுக்கிக்கொள்கிறது என்று நொந்துபோய், கடைசியில் பிராந்தியில் அமிழ்த்தி மயங்கவைத்து வரைந்தார். எறும்பு பின்பு தெளிந்து எழுந்து ஓடியதாம்.

எறும்பு எங்களுக்கும் எதிரியாக இருந்தது, வேறு வகையில். இரவில் மேசையில் விட்ட பூச்சி காலையில் இருக்காது. சமையலறை அலுமாரிக்குச் செய்வது போலத் தட்டின்மேல் தண்ணீர்ச் சிரட்டை வைத்து, அதன் நடுவே ஒரு சிறு போத்தலை நிறுத்தி, மேலே பூச்சியை வைக்கப் பழகிக்கொண்டான்.

அடுக்குதல்

நல்ல வெளிச்சமும் அசையாத கருவியும் கிடைத்த பிறகும் படத்தில் ஒரு பகுதிதான் தெளிவாக இருந்தது. கண் தெளிந்தால் கால் மங்கும். கால் தெளிந்தால் முதுகு மங்கும். இதைப் பழுது என்று எண்ணிக் கருவியைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பழுது ஒன்றுமில்லை. தெளிவாகத் தெரியும் ஆழம், அலைநீளத்தை எண் துவாரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. 4 மடங்குப் பொருளிக்கு ஏறத்தாழ 55 மைக்ரோமீற்றர். 10 மடங்குக்கு 9. 40 மடங்குக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும். பக்கவாட்டில் கிடக்கும் அறக்கொட்டியின் தடிப்போ ஒரு மில்லிமீற்றர் அளவு.

ஆகவே மேலிருந்து கீழே சிறிது சிறிதாக இறங்கி, படிக்கு ஒரு படம் எடுத்து, எல்லாவற்றிலும் தெளிவான பகுதிகளை மட்டும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மருமகனின் கருவியில் நுண்குவியத்துக்கான சிறு குமிழின் ஒரு கோடு மேடையை 2 மைக்ரோமீற்றர் நகர்த்தும். 4 மடங்கில் இருபது கோடுக்கு ஒரு படம் என்றால் படிக்கு 40 மைக்ரோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு இருபத்தைந்து படம். 55 என்ற அளவைவிடப் படி சிறிதாக இருப்பதால், அடுத்தடுத்த படங்களின் தெளிவு ஒன்றன்மேல் ஒன்று படியும். படி பெரிதானால் இறுதிப் படத்தில் தெளிவும் மங்கலும் மாறி மாறிப் பட்டையாக வரும். குமிழை ஒரே திசையில் மட்டும் திருக வேண்டும். பின்னோக்கித் திருப்பினால் பற்சக்கரத் தளர்வில் சில கோடுகள் வீணாகி, கணக்குத் தவறிவிடும்.

தொலைபேசியில் குவியத்தையும் வெளிச்ச அளவையும் வெண்சமநிலையையும் பூட்டி வைக்க வேண்டும். பூட்டாவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். சேர்க்கும் மென்பொருள் அதைப் பூச்சியின் நிறம் என்று நம்பும்.

சேர்ப்பதற்கு அவன் பயன்படுத்தியது இலவசமாகக் கிடைக்கும் பிகோலே. காசு கொடுத்து வாங்கும் ஹீலிகன் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டேக்கர் போன்றவையும் உண்டு. தொடங்குகிறவருக்கு அவை இப்போதைக்கு வேண்டாம். எந்த மென்பொருளிலும் இரண்டு வழிகள் எதிர்ப்படும். ஒன்று, நுண்விவரத்தையெல்லாம் விடாமல் பொறுக்கும். ஒன்றையொன்று கடக்கும் மயிர்களை நன்றாகக் காட்டும், ஆனால் புள்ளி இரைச்சலையும் விவரம் என்று சேர்த்துக்கொள்ளும். மற்றது, ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தப் படம் தெளிவு என்று ஆழ வரைபடம் போட்டு எடுக்கும்; ஓட்டின் நிறமும் மென்மையும் உண்மையாக வரும், மயிர்களைச் சுற்றி ஒளிவட்டம் கட்டும். முழுப் பூச்சிக்கு இரண்டாவது வழி, முட்களுக்கு முதலாவது வழி என்று பிரித்துக்கொண்டான்.

சேர்த்த முதல் நல்ல படத்தில் ஒரு கரும்புள்ளி நெடுங்கோடாக நீண்டிருந்தது. படங்களை ஒன்றோடொன்று பொருத்தும்போது, பூச்சியோடு நகராத தூசு அப்படி இழுபடும். பார்வைத்துண்டைச் சுழற்றிப் பார்த்தான், புள்ளியும் சுழன்றது. ஆகவே தூசு அதில்தான். பொருளியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

காலைத் தனியாக எடுத்தது

முழுப் பூச்சியின் படத்தில் குதிமுள் தெரிந்தது. டெல்ஃபாசிடே குடும்பம் உறுதி. முதற்கணுவின் முட்கள் இருக்கலாம் என்று தோன்றியதே தவிர, காட்ட முடியவில்லை. 10 மடங்குக்குப் போனால் பொருளி ஆறேழு மில்லிமீற்றர் உயரத்துக்கு இறங்கிவிடும். யோகட் வளையத்தை அதற்கேற்ப வெட்டினால் வெளிச்சம் படுகிடையாக நுழைந்து, குதிமுள்ளின் நிழல் முதற்கணுவின்மேலேயே விழுந்தது.

இந்த இடத்தில் மருமகன் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. மேல் ஒளியோடு மல்லுக்கட்டாமல், கருவி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வழிக்கே திரும்பினான். ஊசி நுனியால் பின்னங்காலைத் தனியே பிரித்து, கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி கிளிசரினில் போட்டான். பார்மசியில் விற்கும் சாதாரண கிளிசரின்தான். காற்றில் கிடக்கும் காலின் ஓரங்களில் ஒளி கடுமையாக வளைவதால் அவை தடித்த கறுப்புக் கோடுகளாகத் தெரியும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் முறிவுச் சுட்டி கிளிசரினுக்கு 1.47; காலின் ஓட்டுக்குக் காற்றைவிட மிக நெருக்கமானது. அதனுள் கிடந்த கால் சற்று நேரத்தில் தேநீர் நிறத்தில் ஒளியை விடத் தொடங்கியது.

மேலே மூடும் மெல்லிய கண்ணாடி காலை நசுக்காதபடி இரு பக்கமும் தலைமயிர்த் துண்டு வைத்தான். குமிழி சேராதிருக்கக் கண்ணாடியின் ஒரு விளிம்பை முதலில் தொடவிட்டு மெதுவாகச் சாய்த்தான். இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. முட்கள் பக்கவாட்டில் இருப்பவை. கால் தவறான புறம் திரும்பிக் கிடந்தால் முட்கள் நம்மை நோக்கி நிற்கும்; மேலிருந்து பார்க்கையில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். மேற்கண்ணாடியை ஊசியால் மிக மெதுவாக ஒரு பக்கம் தள்ளினால், கிளிசரினுக்குள் கால் தன் அச்சில் உருளும். பார்வைத்துண்டில் கண்ணை வைத்தபடி அதைச் செய்தான். கணு திரும்பியது; ஓரத்தில் ஒன்றும் இல்லாதிருந்த கோட்டிலிருந்து முள் ஒன்று எழுந்து நின்றது, சற்றுத் தள்ளி இன்னொன்று. அடி தடித்து, நுனி கூராகி, பாதத்தின் நுனிப்பக்கம் சாய்ந்திருந்தன. மேலே, கணைப்பகுதியின் முடிவில், குதிமுள் இலை வடிவில் விரிந்து, அதன் ஓரத்தில் நுண்பற்கள் வரிசையாகத் தெரிந்தன.

கால் தடிப்பு மிகக் குறைவு. 10 மடங்கில் மூன்று கோடுக்கு ஒரு படம், அதாவது 6 மைக்ரோமீற்றர்ப் படி. 100 மைக்ரோமீற்றர் ஆழத்துக்குப் பதினேழு படம் போதும். மேடைக்குக் கீழுள்ள துவாரத்தை முழுவதும் திறந்தால் வெளிறும், இறுக்கி மூடினால் ஓரங்களில் கோடுகள் விழுந்து விவரம் குறையும். முக்கால்வாசி திறந்து வைத்தான். மேற்கண்ணாடி இருப்பதால் இப்போது 40 மடங்குப் பொருளியும் முறையாக வேலை செய்யும். ஆசைக்கு அதிலும் எடுத்தான். முள் பெரிதாகத் தெரிந்தது. கேள்விக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

அளவுக்கு, பாடசாலை அடிமட்டத்தின் மில்லிமீற்றர்க் கோடுகளை 4 மடங்கில் எடுத்து வைத்தான். அந்தப் படத்திலிருந்து மில்லிமீற்றருக்கு எத்தனை புள்ளி என்று எண்ணி, 10 மடங்குக்கு இரண்டரையால் பெருக்கினால் ஓரளவு சரியான அளவுக்கோடு கிடைக்கும். அளவுக்கோடு இல்லாத நுணுக்குக்காட்டிப் படம் வெறும் அலங்காரம் என்பது என் கருத்து. மருமகன் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டான்.

படம் எதைத் தீர்த்தது?

விறாந்தையில் விழுந்தவற்றில் பிரித்துப் பார்த்த பழுப்புத் தத்திகள் பெரும்பாலும் நிலபர்வட்டா சாதி என்பது உறுதியானது. சிலவற்றில் குதிமுள் இருந்தும் முதற்கணுவில் முள் இல்லை. அவை வேறு வகை. ஆனால் சாதியைத்தான் முள் சொல்லும், இனத்தைச் சொல்லாது. அதே சாதியில் புல்லில் வாழும் இனமும் இருக்கிறது. அறக்கொட்டிதான் என்று முடிவாகச் சொல்ல ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

அத்தான் படத்தைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டினார். அவர் ரசித்துப் பார்த்தாராம். பிறகு வயலுக்குள் இறங்கி, பயிரின் அடியைக் கையால் தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ணச் சொன்னாராம். மருந்து அடிப்பதா இல்லையா என்பதை அந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். விளக்கடியில் எத்தனை விழுந்தன என்பதைக் கொண்டு வயலின் நிலையைச் சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்ததில் சிலந்திகள் நிறைய இருந்தன, அறக்கொட்டி பயப்படும் அளவில் இல்லை. அத்தான் அந்தக் கிழமை மருந்தடிக்கவில்லை. படம் இல்லாவிட்டாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் நிலையத்துக்குப் போயிருக்க மாட்டார்.

இதே கருவியோடு தொடங்க விரும்புகிறவருக்குச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. கூடுதல் பொருளி வாங்கும் பணத்தில் நல்ல டோர்ச் இரண்டும், வழுக்கிகளும், காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டியும், சிலிக்கா ஜெல் பைகளும் வாங்கலாம். கடைசி இரண்டும் கட்டாயம். கடலும் வாவியும் இரு பக்கமும் இருக்கும் ஊரில், துணிப்பையில் சுற்றி அலுமாரியில் வைத்த வில்லையில் ஒரு மாரிக்குள் பூஞ்சணம் படரும். கமரா வில்லைகளுக்கு அது செய்கிற வேலையை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

மருமகன் இப்போது ஆண் பூச்சியின் வயிற்று நுனியை எடுக்கத் தயாராகிறான். அதற்குள் இருக்கும் தசையைக் கரைக்கப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் வேண்டும். தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள் அது. வீட்டில் வைக்க அக்கா அனுமதிக்கவில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள்.